எந்த எஸ். சந்திரசேகர்?

ஆய்விதழுக்கு அனுப்பப்படும் கட்டுரையின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் வரிசைகட்டி நிற்கும் மேற்கோள் பட்டியல், எழுதுபவருக்குக் கடைசி நேரச் சுமையாகவும், இதழாசிரியருக்குக் கட்டுரையைத் திருப்பி அனுப்புவதற்கு எளிதில் அகப்படும் காரணமாகவும், படிப்பவருக்குத் தேடலின் வாசலாகவும் அமைகிறது. இம்மூவருள் முதலிருவரின் அலுப்பே பெரும்பாலும் பேசப்படுவதால், காற்புள்ளி எங்கே வரவேண்டும், ஆண்டு முன்னே வருமா பின்னே வருமா, இதழின் பெயர் சாய்வெழுத்தா நேரெழுத்தா என்பனவே மேற்கோள் இலக்கணத்தின் முழுமை என்ற எண்ணம் ஆய்வு மாணவர்களிடையே வேரூன்றிவிட்டது. புள்ளியும் சாய்வும் பிழைத்தால் இதழின் படிதிருத்துநர் ஒரு நாளில் சரிசெய்துவிடுவார். ஆனால், ஆசிரியர் பெயரும் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் பிழைத்தால், மூல நூலைக் கையில் வைத்திராத அவரால் அப்பிழையைக் காணக்கூட இயலாது, அது அச்சாகி அடுத்தவரின் பட்டியலுக்கும் பரவிவிடும். ஆகவே உழைப்பு எங்கே செல்லவேண்டும் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நன்று. அதை விளக்குவதற்குப் பெங்களூரைவிடப் பொருத்தமான ஊர் அரிது. ஏனெனில் சதாசிவநகரில் சி. வி. ராமன் பெயர் தாங்கிய ஒரே சாலையை ஒட்டி, நாட்டின் முதன்மையான அறிவியல் இதழ்கள் பல வெளியாகின்றன. நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்ததும் இந்நகரிலேதான்.

சில சொற்கள்

மேற்கோள் என்பது வழக்கில் இரு பொருள்களில் ஆளப்படுகிறது. பிறர் கூற்றை அவர் சொற்களிலேயே எடுத்துக்காட்டுவது ஒன்று. பிறர் கண்டறிந்ததைத் தம் சொற்களில் கூறி, அது யாருடையது என்று சுட்டுவது மற்றொன்று. அவ்வாறு சுட்டும்போது கட்டுரையின் உடலில் இடப்படும் சிறு எண் சான்றெண் எனப்படும். தமிழ்த்துறை ஆய்வேடுகளில் ஒவ்வோர் இயலின் முடிவிலும் அவ்வெண்களுக்கு உரிய நூல் விவரங்களைத் தொகுத்துத் தருவது சான்றெண் விளக்கம். அதே விவரம் அந்தந்தப் பக்கத்தின் அடியில் வந்தால் அடிக்குறிப்பு. ஆய்வேட்டின் இறுதியில், சுட்டியவையும் பயின்றவையுமாகிய நூல்களை அகரவரிசையில் அடுக்குவது துணைநூற்பட்டியல். அறிவியல் இதழ்கள் இவற்றுள் கடைசியானதை ஏற்பதில்லை. கட்டுரையில் சுட்டப்பட்டவை மட்டுமே பட்டியலில் இருக்கலாம், பட்டியலில் இருப்பவை அனைத்தும் கட்டுரையில் எங்கேனும் சுட்டப்பட்டிருக்கவேண்டும் என்ற இருவழி நிபந்தனையே அவற்றின் முதல் விதி. இருப்பினும், திருத்தத்தின்போது ஒரு பத்தியை நீக்கியவர் அப்பத்திக்கு உரிய நூலைப் பட்டியலிலிருந்து நீக்க மறப்பதால், இவ்விதியே அடிக்கடி மீறப்படுகிறது.

‘மேலது, ப. 45’ என்னும் தொடர் தமிழ் ஆய்வாளர் அனைவருக்கும் பழக்கமானது. உடனடியாக மேலே சுட்டப்பட்ட அதே நூல் என்பது ‘மேலது’ என்பதன் பொருள். இடையில் வேறு நூல்கள் வந்துவிட்டால் ‘முற்சுட்டிய நூல்’ என்று எழுதுவது மரபு. இச்சுருக்கம் கையெழுத்துப் படியின் காலத்திற்கு ஏற்றதாக இருந்தது. கணினியில் பத்திகளை இடம்மாற்றும் பழக்கம் வந்தபின், நடுவே புதிதாக ஒரு சான்று நுழைக்கப்படும்போது, அதன் கீழுள்ள ‘மேலது’ ஓசையின்றி வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடுகிறது. எனவே வரைவு நிலையில் முழு விவரத்தையே எழுதிவைத்து, கட்டுரை முற்றுப்பெற்ற பிறகே சுருக்குவது பாதுகாப்பானது.

எண்முறையும் பெயர்–ஆண்டு முறையும்

உலகில் வழங்கும் மேற்கோள் வடிவங்கள் எண்ணற்றவை எனினும், அவற்றின் அடிப்படை இரண்டே. சான்றைக் கட்டுரையில் வரும் வரிசைப்படி 1, 2, 3 என எண்ணிட்டுப் பட்டியலையும் அதே வரிசையில் அமைப்பது எண்முறை. ஆசிரியர் பெயரையும் வெளியான ஆண்டையும் வாக்கியத்திலேயே அடைப்புக்குறிக்குள் தந்து, பட்டியலைப் பெயரின் அகரவரிசையில் அமைப்பது பெயர்–ஆண்டு முறை. இரண்டாவதன் தோற்றம், ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் 1881இல் ஓட்டில்லா நத்தை ஒன்றின் முட்டை வளர்ச்சி பற்றி எழுதிய கட்டுரையோடு தொடர்புபடுத்தப்படுகிறது. அம்முறைக்கு ஹார்வர்டு முறை என்ற பெயர் நிலைத்ததன் காரணமும் அதுவே. எண்முறையின் மருத்துவ வடிவம், மருத்துவ இதழாசிரியர்கள் 1978இல் கனடாவின் வான்கூவரில் கூடி வகுத்த பொது நெறியிலிருந்து கிளைத்ததால், வான்கூவர் முறை என வழங்குகிறது.

இரண்டுக்கும் தனித்தனி நன்மைகள் உண்டு. எண்முறையில் வாக்கியம் தடையின்றி ஓடுகிறது. ஆனால் நடுவில் ஒரு சான்றைச் சேர்த்தால் அதன் பின்வரும் எண்கள் அனைத்தும் நகரவேண்டும். பெயர்–ஆண்டு முறையில் யார், எப்போது சொன்னார் என்பதைப் படிப்பவர் பக்கம் புரட்டாமலே அறிகிறார். ஆனால் ஒரே வாக்கியத்திற்கு ஆறு சான்றுகள் வரும்போது வாக்கியமே பெயர்களுக்கு இடையே தொலைந்துவிடுகிறது. கருத்து எப்போது தோன்றியது என்பது முக்கியமாகும் உயிரியலும் சமூக அறிவியலும் பெயர்–ஆண்டு முறையையும், சுருக்கத்தை விரும்பும் இயற்பியலும் மருத்துவமும் எண்முறையையும் பெரும்பாலும் நாடியிருப்பது இதனால் விளங்கும்.

ஒரு கட்டுரை, மூன்று வடிவம்

1977இல் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். சந்திரசேகர், பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் ஆகிய மூவரும் தட்டு வடிவ மூலக்கூறுகளின் நீர்மப் படிகங்கள் பற்றி ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டனர். அதுவரை அறியப்பட்ட நீர்மப் படிகங்கள் கோல் போன்ற நீண்ட மூலக்கூறுகளால் ஆனவையாக இருக்க, தட்டு போன்ற தட்டையான மூலக்கூறுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்று அத்தகைய நிலையை அடையக்கூடும் என்று காட்டிய அக்கட்டுரை, உலகெங்கும் ஒரு புதிய ஆய்வுத் துறையைத் தொடங்கிவைத்தது. அது வெளியான இதழ், இந்திய அறிவியல் கழகம் 1973இல் தொடங்கிய ‘பிரமாணா’. அக்கட்டுரையைப் பெங்களூரிலிருந்து வெளிவரும் மூன்று இதழ்களின் மரபான வடிவங்களில் எழுதிப் பார்த்தால், வடிவம் எதை வைத்துக்கொள்கிறது, எதைக் கைவிடுகிறது என்பது தெளிவாகும்.

பிரமாணாவின் இயற்பியல் வடிவில் அது இவ்வாறு அமையும்:

[1] எஸ் சந்திரசேகர், பி கே சதாசிவா, கே ஏ சுரேஷ், பிரமாணா 9, 471 (1977)

எல்லா அறிவியல் துறையினரும் படிக்கும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழின் வடிவில்:

1. சந்திரசேகர், எஸ்., சதாசிவா, பி. கே., சுரேஷ், கே. ஏ., லிக்விட் கிறிஸ்டல்ஸ் ஆஃப் டிஸ்க்-லைக் மாலிக்யூல்ஸ். பிரமாணா, 1977, 9, 471–480.

உயிரியலுக்கான ‘ஜர்னல் ஆஃப் பயோசயின்சஸ்’ இதழின் வடிவில்:

சந்திரசேகர் எஸ், சதாசிவா பி கே, சுரேஷ் கே ஏ 1977 லிக்விட் கிறிஸ்டல்ஸ் ஆஃப் டிஸ்க்-லைக் மாலிக்யூல்ஸ். பிரமாணா 9 471–480

முதல் வடிவில் கட்டுரையின் தலைப்பே இல்லை. முடிவுப் பக்கமும் இல்லை. இதழ், தொகுதி, தொடக்கப் பக்கம் ஆகிய மூன்றும் கிடைத்தால் கட்டுரை கைக்கு வந்துவிடும் என்று இயற்பியலாளர் கருதினர். தலைப்பை நீக்கியதால் ஒவ்வொரு பட்டியலிலும் ஓரிரு பக்கம் மிச்சமாயிற்று. அதன் விலை என்னவெனில், தொகுதி எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் மீட்க வேறு தடயம் எதுவும் மிஞ்சாது. இரண்டாம் வடிவில் ஆண்டு தொகுதிக்கு முன்னே நிற்கிறது, இது வேதியியல் இதழ்களிலும் காணப்படும் வழக்கம். தலைப்பு இடம்பெறுவதால், வேறு துறையினர்கூட அக்கட்டுரை எதைப் பற்றியது என ஊகிக்க முடிகிறது. மூன்றாம் வடிவம் பெயர்–ஆண்டு முறையைச் சார்ந்ததாதலால் எண் இல்லை, ஆண்டு ஆசிரியர்களை அடுத்தே வந்துவிடுகிறது, புள்ளிகளும் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன.

இம்மூன்றையும் ஒப்பிட்டு நோக்குகையில் மாறாமல் நிற்பவை ஆசிரியர், இதழ், தொகுதி, ஆண்டு, தொடக்கப் பக்கம் ஆகிய ஐந்துமேயாகும். 1977ஆம் ஆண்டு பிரமாணா 8, 9 என இரு தொகுதிகளாக வெளிவந்தமையால் ஆண்டு மட்டும் போதாது, தொகுதியும் வேண்டும். மாறாக, 9ஆம் தொகுதி என்று எழுதி 1979 என்று ஆண்டைத் தவறாகக் குறித்திருந்தால், இவ்விரண்டும் பொருந்தவில்லை என்பதே பிழையைக் காட்டிக்கொடுக்கும். ஒரே செய்தியை இரு வழிகளில் சொல்வது வீண் என்று தோன்றினாலும், மேற்கோளில் அது பிழைகாட்டும் கருவியாகப் பயன்படுகிறது.

பெயரில் தொடங்கும் சிக்கல்

மேற்கண்ட மூன்று வரிகளிலும் முதலில் நிற்கும் ‘எஸ். சந்திரசேகர்’ என்னும் பெயரை மட்டும் கண்டு, நட்சத்திரங்களின் அமைப்பு பற்றிய ஆய்வுக்காக 1983இல் நோபல் பரிசு பெற்ற சிகாகோ வானியற்பியலாளர் என்று ஒருவர் எண்ணினால், அவரைக் குறைகூற இயலாது. அவர் சுப்ரமணியன் சந்திரசேகர். பிரமாணா கட்டுரையை எழுதியவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். இருவரும் இயற்பியலாளர்கள், இருவரும் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்கள், இருவரும் சி. வி. ராமனின் உறவினர்கள், ஒருவர் அண்ணன் மகன், மற்றவர் தங்கை மகன். இருவர் பெயரிலும் முன்னெழுத்தாக நிற்கும் ‘எஸ்’ தத்தம் தந்தையின் பெயரிலிருந்து வந்தது. 1961இல் வெளியான நீர்ம இயக்க நிலைத்தன்மை பற்றிய தடித்த நூலும், 1977இல் வெளியான ‘லிக்விட் கிறிஸ்டல்ஸ்’ என்ற நூலும் மேற்கோள் பட்டியலில் ஒரே பெயரின்கீழ் அடுத்தடுத்து நிற்கும்போது, இரண்டையும் ஒருவரே எழுதினார் என்று கணினி கூட்டிக்கொள்வது எளிது. அத்தகைய இடத்தில் முன்னெழுத்தை விரித்து முழுப்பெயரையும் தருவதற்கு இதழ்கள் பொதுவாகத் தடைசொல்வதில்லை.

இதற்கு நேர்மாறான சிக்கலும் பெங்களூரிலேயே உண்டு. இந்திய அறிவியல் நிலையத்தில் பணியாற்றிய காலத்தில், ஒலியலைகளால் ஒளி சிதறுவது பற்றி ராமனோடு சேர்ந்து 1935இலும் 1936இலும் தொடர் கட்டுரைகளை எழுதியவர் என். எஸ். நாகேந்திர நாத். ‘ராமன்–நாத் கோட்பாடு’ என்று அது வழங்குவதால், மேலைநாட்டுப் பட்டியல்கள் பல அவரை ‘நாத், என். எஸ். என்.’ என்று பதிவு செய்தன. வேறு சில ‘நாகேந்திர நாத், என். எஸ்.’ என்று பதிந்தன. ஒரே ஆசிரியர் இரு நபர்களாகப் பிரிந்து, அவர் கட்டுரைகளைச் சுட்டியோரின் எண்ணிக்கையும் இரு கூறாகிவிட்டது. இரு ஆசிரியர் ஒரு பெயரில் ஒன்றுவதும் ஓர் ஆசிரியர் இரு பெயர்களாகப் பிளவுபடுவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்: மேலை வடிவங்கள் யாவும் குடும்பப் பெயர் ஒன்று இருக்கும், அது இறுதியில் நிற்கும் என்ற அனுமானத்தின் மீது கட்டப்பட்டவை.

தமிழர் பெயரில் அவ்வனுமானம் சரிந்துவிடுகிறது. முன்னெழுத்து தந்தையின் பெயரையோ ஊரையோ குறிக்கும். தொடர்ந்து வருவது அவரை அழைக்கும் பெயர். முருகேசன் மகன் குமரன் ‘மு. குமரன்’ என்று எழுதும்வரை தொல்லை இல்லை, ‘குமரன், மு.’ என்று அது திரும்பிக்கொள்ளும். கடவுச்சீட்டின் படிவத்தை நிரப்பும்போது ‘குமரன் முருகேசன்’ என்று விரிந்துவிட்டால், இதழின் மென்பொருள் கடைச்சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு ‘முருகேசன், கு.’ என்று பதிவுசெய்யும். ஆய்வு செய்தவர் மகனாக இருக்க, மேற்கோள் பட்டியல்களில் புகழ் முழுவதும் தந்தைக்குச் சென்று சேரும். திருமணத்திற்குப் பின் தந்தையின் முன்னெழுத்தைக் கணவரின் முன்னெழுத்தாக மாற்றிக்கொள்ளும் பெண் ஆய்வாளர்களின் நிலை இன்னும் கடினமானது. அவர்களின் முற்பகுதி ஆய்வும் பிற்பகுதி ஆய்வும் இரு வேறு ஆசிரியர்களுடையனவாகவே தோன்றும். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு பெயர் வடிவத்தைத் தேர்ந்து, வாழ்நாள் முழுவதும் அதையே கையாள்வதும், 2012இல் தொடங்கப்பட்ட ஆர்கிட் என்னும் பதினாறு இலக்க ஆய்வாளர் அடையாள எண்ணைப் பெற்றுக் கட்டுரையோடு இணைப்பதும் இதற்கு ஓரளவு தீர்வாகின்றன.

பிறர் பெயரைச் சுட்டும்போதும் இதே கவனம் தேவைப்படுகிறது. ஏ. பி. ஜே. அப்துல் கலாம் என்னும் பெயரை மேற்கோள் மென்பொருளில் அப்படியே தட்டினால், அது ‘கலாம், ஏ. பி. ஜே. ஏ.’ என்று சுருங்கி நிற்கும். ஜோட்டெரோ, மென்டலே போன்ற மென்பொருள்களில் குடும்பப் பெயருக்கும் சொந்தப் பெயருக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ‘அப்துல் கலாம்’ என்ற இரு சொற்களையும் முதற்கட்டத்திலேயே இட்டால் பெயர் உடையாது. ஒரே சொல்லாலான பெயரை உடையவர்க்கு ஜோட்டெரோவில் இரு கட்டங்களை ஒன்றாக்கும் வசதியும் இருக்கிறது. லேடெக் பயன்படுத்துவோர் பிப்டெக் கோப்பில் பெயரின் பிரிக்கக்கூடாத பகுதியை நெளிவு அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டால், அது ஒரே சொல்லாகக் கொள்ளப்படும்.

சீர்காழியிலிருந்து பெங்களூரு வரை

இச்சிக்கலை மென்பொருள்கள் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே கூர்ந்து ஆராய்ந்தவர் ரங்கநாதன். 1892இல் சீர்காழிப் பகுதியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற அவர், 1957இல் பெங்களூரில் குடியேறினார். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் 1962இல் இந்நகரில் ஆவண ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவி, 1972இல் இங்கேயே மறைந்தார். ‘எஸ்’ என்பது சீர்காழியின் பழைய ஆங்கில வடிவமான ஷியாலியையும், ‘ஆர்’ என்பது தந்தை ராமாமிருதத்தையும் குறிக்க, தம்முடைய பெயரே மேலை அட்டவணை விதிகளுக்கு ஒரு சோதனையாக அமைந்த நிலையில், 1934இல் வெளியிட்ட தம் அட்டவணை நெறித்தொகுப்பிலும், ஐந்து அட்டவணை நெறிகளை ஒப்பிட்டு 1955இல் எழுதிய நூலிலும், பெயரின் எச்சொல் முதலில் நிற்கவேண்டும் என்ற வினாவை அவர் விரிவாக ஆய்ந்தார். அவர் பின்பற்றிய வடிவில், அழைக்கும் பெயர் முன்னே முழுவதும் தலைப்பெழுத்துகளில் நிற்க, முன்னெழுத்துகள் அதன்பின் அடைப்புக்குறிக்குள் புள்ளியின்றி வரும். ரங்கநாதன் (எஸ் ஆர்) என்பது அதன் சாயல். குடும்பப் பெயர் என்ற கருத்தையே தொடாமல், தேடுவோர் எச்சொல்லைக்கொண்டு தேடுவாரோ அச்சொல்லை முன்னே வைப்பது இதன் நயம்.

1931இல் அவர் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தவேண்டும் என்பது. மேற்கோள் வடிவம் பற்றிய எந்த ஐயத்திற்கும் இவ்விதியை உரைகல்லாகக் கொள்ளலாம். இந்தியத் தர நிறுவனத்தின் ஆவணப் பிரிவுக் குழுவுக்கு அவர் நெடுங்காலம் தலைமை வகித்தார். அந்நிறுவனம் நூற்குறிப்புகளுக்கென்று வெளியிட்ட ஐ.எஸ். 2381 என்னும் தரவிதியின் தலைப்பிலேயே இன்றியமையாக் கூறுகள், துணைக் கூறுகள் என்ற பாகுபாடு காணப்படுகிறது. இவை இல்லாவிட்டால் நூலை அடைய முடியாது என்பவை ஒருபுறம், இருந்தால் உதவும் என்பவை மறுபுறம் என அப்பாகுபாடு பிரித்துவிடுவதால், எங்கே கண்டிப்பு வேண்டும், எங்கே நெகிழலாம் என்பது தானே விளங்குகிறது.

பக்க எண்ணும் பாட்டெண்ணும்

நூலைச் சுட்டுவது ஒரு நிலை; நூலுக்குள் இடத்தைச் சுட்டுவது அடுத்த நிலை. பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறுவது. ரங்கநாதன் தம் நூல்களைப் பிரிவெண்களால் பகுத்து, நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவில் பக்க எண்ணுக்குப் பதிலாகப் பிரிவெண்ணையே தந்தமைக்கு இதுவே நியாயம். தமிழ் மரபுக்கு இது புதியதன்று. திருக்குறளைக் குறள் எண்ணாலும் புறநானூற்றைப் பாட்டெண்ணாலும் தொல்காப்பியத்தை இயலும் நூற்பா எண்ணும் கொண்டும் சுட்டினால், எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் அவ்விடத்தை அடைவார். இதிலும் ஒரு நுட்பம் உண்டு: தொல்காப்பிய நூற்பாக்களை உரையாசிரியர்கள் வெவ்வேறாகப் பகுத்துள்ளமையால் இளம்பூரணர் உரையின் எண்ணும் நச்சினார்க்கினியர் உரையின் எண்ணும் எங்கும் ஒத்துவரமாட்டா, குறளிலும் ஓர் அதிகாரத்துக்குள் மணக்குடவரின் வைப்புமுறை பரிமேலழகரின் வைப்புமுறையிலிருந்து வேறுபடும். ஆதலால் பாட்டெண்ணோடு உரையையும் பதிப்பையும் குறிப்பிடவேண்டும்.

அறிவியல் இதழ்களிலும் இத்தகைய கண்ணி உள்ளது. இந்திய அறிவியல் கழகத்தின் ‘புரொசீடிங்ஸ்’ இதழ் 1934இல் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டே இயற்பியல், கணிதம் முதலியவற்றுக்கு ‘ஏ’ என்றும் உயிரியலுக்கு ‘பி’ என்றும் இரு பிரிவுகளாயிற்று. ராமனும் நாகேந்திர நாத்தும் எழுதிய முதற்பகுதி ஏ பிரிவின் 2ஆம் தொகுதியில் 406ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. பிரிவெழுத்தை விட்டுவிட்டு ‘2, 406’ என்று மட்டும் எழுதினால், அதே எண்ணுடைய உயிரியல் தொகுதியைப் புரட்டி ஏமாறும் வாசகர், மேற்கோளே பொய் என்று முடிவுகட்டலாம். ஓர் எழுத்தின் விடுபாடு இங்கே ஒரு நாள் உழைப்பை விழுங்குகிறது. இதழ்ப் பெயரைச் சுருக்குவதற்கும் விதியுண்டு: ஐ.எஸ்.ஓ. 4 என்னும் பன்னாட்டுத் தரவிதிப்படி பல சொல் கொண்ட பெயர்களே சுருங்கும். பிரமாணா, நேச்சர், ரெசனன்ஸ் போன்ற ஒரு சொல் பெயர்கள் அப்படியே நிற்கும்.

தமிழ்நூல்களைத் தமிழெழுத்திலேயே சுட்டுவோர் வேறொன்றையும் கருதவேண்டும். மேலை வடிவங்கள் பல தலைப்பெழுத்தையும் சாய்வெழுத்தையும் நம்பியவை. தமிழில் தலைப்பெழுத்தே இல்லை, சாய்வெழுத்தும் கண்ணுக்கு இதமாக அமைவதில்லை. ஆகவே நூற்பெயரைத் தடித்த எழுத்திலும் கட்டுரைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள்ளும் தருவதே தெளிவு. ஆங்கில இதழுக்குத் தமிழ்நூலைச் சுட்டும்போது, உ. வே. சாமிநாதையர் பெயரை ஒரே பட்டியலில் மூன்று வித எழுத்துக்கூட்டலில் தராமல், ஒலிபெயர்ப்பு முறை ஒன்றைத் தேர்ந்து முதலிலிருந்து கடைசிவரை அதையே பின்பற்றவேண்டும்.

‘பிறர்’ என்பவர் யார்?

மேற்கோள் முழுமையற்றிருந்தால் வாசகருக்கு எவ்வளவு உழைப்பு கூடும் என்பதற்குத் தமிழிலேயே பெரிய சான்று ஒன்று உண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையுடன் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, அவ்வுரையில் மேற்கோளாக வந்த செய்யுளடிகள் பலவற்றுக்கு நூற்பெயர் சுட்டப்படவில்லை. பிறர் கூறினர் என்ற அளவிலேயே உரையாசிரியர் அமைந்துவிட்டார். நச்சினார்க்கினியரின் காலத்தில் அது குறையாகாது: அவர் உரையைக் கேட்ட மாணவர் அந்நூல்களை மனப்பாடமாகக் கொண்டிருந்தனர், அடியின் முதற்சொல்லே அவர்களுக்கு முகவரியாகப் போதுமானது. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் அந்நூல்கள் வழக்கொழிந்தபோது முகவரியும் அழிந்தது. அடிகளின் மூலத்தைத் தேடி மடங்களிலும் வீடுகளிலும் ஏடுகளைப் புரட்டிய அத்தேடலே சங்க நூல்களின் பரப்பை அவருக்குப் புலப்படுத்தியது. சிந்தாமணி 1887இலும் புறநானூறு 1894இலும் வெளிவந்தன. மேற்கோள் விடுபட்டதால் தமிழுக்கு ஆதாயம் விளைந்தது என்று வேடிக்கையாகக் கூறலாமாயினும், எல்லாக் காலத்திலும் ஒரு சாமிநாதையர் கிடைப்பார் என்று நம்பிப் பட்டியலைத் தயாரிக்க முடியாது.

அனுப்புவதற்கு முன்

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், வேலையின் ஒழுங்கு தானாக அமைகிறது. நூலோ கட்டுரையோ கையில் இருக்கும்போதே, அதன் முதற்பக்கத்தைப் பார்த்து முழு விவரத்தையும் மென்பொருளில் பதிவது முதற்படி. பிறர் பட்டியலிலிருந்து பெயர்த்தெழுதுவது பிறரின் பிழையையும் பெயர்த்தெழுதுவதாகும். டி.ஓ.ஐ. என்னும் இலக்கமுறை அடையாள எண் இருப்பின் அதனைச் சேர்ப்பது அடுத்தது. எப்போதும் 10 என்று தொடங்கும் இவ்வெண், பதிப்பகத்தின் இணைய முகவரி மாறினாலும் மாறாமல் கட்டுரையை அடையாளம் காட்டுகிறது; 2000இல் பதிப்பகங்கள் கூடி அமைத்த கிராஸ்ரெஃப் அதன் பதிவேட்டைப் பேணுகிறது. வலைத்தளத்திலிருந்து மென்பொருள் தானே இழுத்துவரும் விவரங்களில் தலைப்பு முழுவதும் தலைப்பெழுத்தில் வருவதும், இணை ஆசிரியர் ஒருவர் விடுபடுவதும் வாடிக்கையாதலால், அவற்றை ஒருமுறை கண்ணால் பார்த்தாகவேண்டும். காற்புள்ளியும் சாய்வும் கடைசிப் படி. இதழின் பாணிக் கோப்பைத் தேர்ந்தெடுத்த நொடியில் மென்பொருள் அவற்றை முடித்துவிடும், கட்டுரை மறுக்கப்பட்டு வேறு இதழுக்குச் செல்லும்போது மீண்டும் ஒரு நொடியில் மாற்றியும் தரும்.

மென்பொருளால் செய்ய முடியாதது, சுட்டப்பட்டது உண்மையில் இருக்கிறதா, சொல்லப்பட்டதை அது உண்மையில் சொல்கிறதா என்பதை உறுதிசெய்வது. செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகள், பொருத்தமான ஆசிரியர் பெயரையும் நம்பத்தக்க இதழ்ப் பெயரையும் கோத்து, எங்கும் வெளிவராத கட்டுரைகளைக் குற்றமற்ற வடிவத்தில் அடுக்கித் தருவதால், அழகிய வடிவம் நம்பகத்தின் அடையாளம் என்ற பழைய எண்ணம் இன்று ஆபத்தானதாகிவிட்டது. தொகுதியைத் திறந்து பக்கத்தைப் பார்ப்பதற்கு மாற்று கிடையாது. பிரமாணாவின் 9ஆம் தொகுதியில் 471ஆம் பக்கத்தைத் திறப்பவருக்கு, தட்டு மூலக்கூறுகளின் கட்டுரையும், அதன் தலைப்பின்கீழ் மூன்று பெயர்களும், ராமன் ஆய்வு நிறுவனத்தின் முகவரியும் தென்படும், எந்த எஸ். சந்திரசேகர் என்ற வினாவுக்கு அந்த முகவரியே விடை சொல்லிவிடும்.